இரவு பத்து மணி வெயில்

புந்தா அரேனாஸில் டிசம்பர் சூரியனுக்கு
வீடு திரும்பும் எண்ணமே இல்லை.
இரவு ஒன்பது ஐம்பது.
ஏழாம் படுக்கையின் போர்வைமேல் இன்னும் வெயில்.
திரைச்சீலையின் கொக்கி போன வாரக் காற்றில் போனது.
மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்,
மூன்று பிரதி.

படுத்திருப்பவர் எலெயுத்தேரியோ ஓஹேதா.
நாற்பது பருவம் ஆட்டு ரோமம் கத்தரித்த கை
இப்போது ஊசிக்கு நரம்பு காட்டி மல்லாந்து கிடக்கிறது.
நெஞ்சின் பெருங்குழாயில், உட்சுவரில், ஒரு கிழிசல்.
ஒவ்வொரு துடிப்பும்
அதில் விரல் விட்டுப் பார்க்கிறது.
சாந்தியாகோவுக்கு விமானம் விடிந்த பிறகு,
காற்று விட்டால்.

பணி ஏற்றதும் பையைத்தான் பார்த்தேன்.
பகல்காரர்கள் உறை போடாமல் தொங்கவிட்டிருந்தார்கள்.
இளம் தேநீர் நிறத்தில் இருக்க வேண்டியது
லேசாக, மிக லேசாக,
நீலம்.
கடலில் என்றால் ரசித்திருப்பேன்.
டாக்டரிடம் சொன்னேன். பம்பை நிறுத்தினேன்.
குப்பைக்குப் போனது நீலம்.

இந்த மருந்துக்கு ஞாபகம் இரண்டு நிமிடம்.
கை விட்டதும் அழுத்தம் ஏறத் தொடங்கும்.
நூற்று ஐம்பது.
நூற்று எண்பது.
அவசரம் என்பது கையை நடுங்க வைக்கத்தான் தெரிந்த ஒன்று.
மெதுவாகக் குப்பியை உடைத்தேன்,
துருப்பிடித்த ஆணியைச் சுரண்டியது போல் கொஞ்சம் தூள்.

அலமாரியில் இரண்டு பைகள் அடுத்தடுத்து.
ஒரே உடை, ஒரே தெளிவு, ஒரே கனம்.
ஒன்று உப்பு நீர், ஒன்று சர்க்கரை நீர்.
கை பழக்கத்தில் உப்புக்குப் போனது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கலாம்,
இவனுக்கு மட்டும் உப்பிடக் கூடாது.
"படி," என்றாள் மில்கா குஸ்மானிச்,
கூடச் சரிபார்க்க வந்தவள்.
படித்தேன். வைத்தேன். அடுத்ததை எடுத்தேன்.
"டெக்ஸ்ட்ரோஸ் ஐந்து சதவீதம்.
இருநூற்று ஐம்பது மில்லி."
அவளும் படித்தாள், முதல் எழுத்திலிருந்து,
நான் சொன்னதையே கேட்காதவள் போல.

மூன்று மில்லியில் தூள் கரைந்தது.
அந்த மூன்று பைக்குள் போயிற்று.
தனி நரம்பு, தனிக் குழாய்;
வேறு எந்த மருந்தோடும் ஒரே பந்தியில் உட்கார மாட்டான்.
இருநூற்றுப் பத்து என்றது மானிட்டர்.

அலுமினியத் தாள் பெட்டி காலி.
கிறிஸ்துமஸுக்கு ஆட்டுத் தொடை சுட
யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள்.
யாரென்று தெரியும். சொல்ல மாட்டேன்.
பையை என் மேல்சட்டைக்குள் வைத்து
வெயிலுக்கு முதுகு காட்டி நின்றேன்,
கண் பட்டுவிடும் என்று குழந்தையை மறைப்பவள் மாதிரி.
மான்சியா சமையலறைக்கு ஓடி
முழு உருளையோடு வந்தான்.

சுற்றும்போது மகள் கேட்டாள்:
"உருளைக்கிழங்கா சுடப் போறீங்க?"
அப்பாவின் கால் பெருவிரலைப் பிடித்தபடி கேட்டாள்.
சிரிப்பா அழுகையா, எனக்குப் புரியவில்லை.
"வெளிச்சம் ஆகாது இதுக்கு," என்றேன்.
"வேற இடத்துல வேலை தேடச் சொல்லுங்க,
இங்க ராத்திரியே வராதே."

பம்ப் முனகிற்று.
சொட்டு. சொட்டு. கொஞ்சம் கூட்டி, மறுபடி சொட்டு.
நூற்றுத் தொண்ணூறு.
நூற்று அறுபது வரை நான் மூச்சு விட்டதாக நினைவில்லை.
நூற்றுப் பதினெட்டில் குழாயைத் தொட்டு,
"இன்னும் சரியாதே," என்று வாய்விட்டே சொல்லி
அளவைக் குறைத்தேன்.

தாளின்மேல் ஒட்டினேன்:
பெயர், அளவு, கலந்த நேரம் ஒன்பது ஐம்பத்தாறு.
நாளை இதே நேரத்துக்கு மேல் செல்லாது.
ஓஹேதா கண் திறந்தார்.
"அந்தப் பையில என்ன?"
"பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர்."
"டாக்டர் எனக்குச் சர்க்கரையே கூடாதுன்னாரே,"
என்று முணுமுணுத்து
வென்றவர் முகத்தோடு தூங்கிப் போனார்.

பதினொன்றுக்கு இருட்டு வந்தது,
தாமதமாக வந்த விருந்தாளி போல, சீக்கிரமே கிளம்ப.
நாலு மணிக்குக் காற்று கொஞ்சம் இறங்கியது.
விமானம் பற்றி யாரும் இன்னும் கூப்பிடவில்லை.
ஜன்னலில் மறுபடி வெளுப்பு.
எழுந்து போய்
தாளின் ஓரத்தை
இன்னும் ஒரு மடிப்பு மடித்தேன்.